புகைக்கு ஒரு கோவை திறப்பது எப்படி

உள்ளூராட்சி சபை ஒன்றில் இருபத்தேழு வருஷம் எழுதுவினைஞராக இருந்தேன். அதில் பாதிக் காலம் உள்வரும் தபால் மேசை. காலையில் தபால் கட்டு வந்தால் உறையைக் கிழித்து, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கம் போட்டு, எந்தக் கிளைக்குப் போக வேண்டுமோ அந்தத் தட்டில் வைக்க வேண்டும். வடிகாலுக்கு ஒரு கோவை, அதாவது ஃபைல், இருந்தது. தெரு விளக்குக்கு இருந்தது. கட்டாக்காலி மாட்டுக்கு இருந்தது. பட்டினத்துக்குள் அலைந்து பொலித்தீன் தின்கிற மான்களுக்குக்கூட மெல்லிசாய் ஒன்று இருந்தது. புகைக்கு இல்லை. "பக்கத்து வளவில் ரயர் கொளுத்துகிறார்கள், பிள்ளைக்கு முட்டு" என்று வருகிற கடிதங்களை நானே, வேறெதிலும் சேராதவற்றுக்கென்று 'பலவினம்' என்று எழுதிய கோவையில் போட்டிருக்கிறேன். அதற்குள் போன கடிதம் எதுவும் வெளியே வந்து நான் கண்டதில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் பேத்திக்கு இழுப்பு வந்தது. இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, அவள் மூக்கில் மருந்து மூடியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை வாங்கில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் மதிலுக்குப் பின்னால் முதல் நாள் கொளுத்திய குப்பை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது எங்கே போகும் என்று எனக்குத்தானே தெரியும்.

நகரத்தின் காற்றைச் சீராக்குவது என்றால் மெஷின் ஒன்றை வாங்கிக் கம்பத்தில் பூட்டுவது என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊரில் புகை எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அது யாருடைய வேலை என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. கீழே எழுதுவது எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டார் சேர்ந்து மூன்று வருஷமாகச் செய்து பார்த்தது. திருகோணமலையை வைத்து எழுதினாலும் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சட்டம் ஒன்றுதான். காற்றை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கொப்பி

எண்பது பக்கக் கொப்பி போதும். கோடு போட்டு ஆறு நிரல்: திகதி, நேரம், காற்று, இடம், என்ன எரிந்தது, எவ்வளவு நேரம். என்ன எரிந்தது என்பதை மூக்குச் சொல்லிவிடும். பனையோலைப் புகை ஒரு மாதிரி, ரயர் ஒரு மாதிரி, மீன்பெட்டி றெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) எரிந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

காற்று என்ற நிரலில்தான் நாங்கள் தடுமாறினோம். 'வலமிருந்து இடம்' என்று எழுதி வைத்திருந்தோம். ஒழுங்கை முனையில் இருக்கிற வயதான மீன்பிடிகாரர் கொப்பியை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, காத்துக்கு வலம் இடம் இல்லை. இண்டைக்கு வீசுறது கச்சான். பின்னேரம் கடக்காத்து எழும்பினாத் திரும்பும். அதை எழுதுங்கோ."

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை கச்சான். தரையிலிருந்து கடலுக்கு வீசும், சுடும், காய்ந்த தூசியையும் உள்பக்கத்துப் புகையையும் பட்டினத்துக்கு இழுத்து வரும். கார்த்திகை முதல் தை, மாசி வரை வாடை, கடலிலிருந்து வரும். அப்போது கரையோரத்தில் எரிப்பது உள்ளே பாலையூற்றுப் பக்கம் போகும். பங்குனி சித்திரையில் காற்று பேருக்குத்தான். விடியப்புறம் புகை கூரை உயரத்துக்கு மேல் எழும்பாமல் ஒழுங்கைக்குள்ளேயே படுத்திருக்கும். நிலம் இரவில் குளிர்ந்துபோக, மேலே உள்ள காற்று சூடாக இருப்பதால் வருகிற வேலை அது. ஒரே குப்பை மேடு, ஒரே நெருப்பு. பங்குனியில் எங்களுக்கு மூச்சு முட்டும், கார்த்திகையில் வேறு ஊருக்கு முட்டும். நகரத்தைத் திட்டமிடுகிறவர்களிடம் வரைபடம் இருக்கிறது. அதில் காற்று வரையப்பட்டிருக்காது. உங்கள் கொப்பியில் இருக்கும்.

ஆறு கிழமை எழுதினோம். ஆறாவது கிழமை எல்லாரும் எங்கள் விறாந்தையில் இருந்து, தேத்தண்ணியோடு பக்கம் பக்கமாகப் புரட்டினோம். எரிப்பில் முக்கால்வாசி மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில். சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் திகதிகளைப் பார்த்த பக்கத்து வீட்டு ரீச்சர் ஒன்றைக் கண்டுபிடித்தார். குப்பை ட்ராக்டர் வராமல் விட்ட கிழமைகளில்தான் எரிப்பு கூடியிருந்தது. ட்ராக்டர் ஒழுங்காக வந்த இரண்டு கிழமையில் ஒன்றோ இரண்டோ, அதுவும் சருகு.

ஆக, நாங்கள் புகை என்று நினைத்தது உண்மையில் ட்ராக்டர். எரிக்கிறவர்களோடு மதிலுக்கு மேலால் சண்டை பிடித்த அத்தனை மாதமும் வீண். வீட்டில் மீன் கழிவு நாறும்போது மூன்றாம் நாள் அவர்கள் என்னதான் செய்வார்கள்? இந்த ஒரு விஷயத்துக்காகவே கொப்பி எழுதலாம். வெளிநாட்டு நிபுணர்கள் இதற்கு மூலப் பட்டியல் என்று பேர் வைத்து, எந்த நகரத்தின் தூய காற்றுத் திட்டத்திலும் முதல் அத்தியாயமாகப் போடுவார்கள்.

எந்தப் புகை எந்த மேசைக்கு

முதல் கடிதத்தோடு நான் பட்ட பாடு இது. முதல் ஒஃபிசில் என் பழைய உத்தியோகம் தெரிந்த தம்பி மரியாதையாகக் கதிரை போட்டார். "மிஸ், அது எங்கட பகுதி இல்லை. அவயளிட்டக் குடுங்கோ." இரண்டாவது ஒஃபிசில், உரிமம் சம்பந்தப்பட்டது, மூன்றாவது இடத்தில் கேளுங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில், இது சின்னத் தொழில், முதல் ஒஃபிஸ்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு ஆட்டோ, ஒரு முழுப் பகல். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஒவ்வொருவரும் தங்கள் மேசையின் எல்லையைச் சரியாகத்தான் சொன்னார்கள்.

அதனால் போவதற்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் குப்பை, கடைக் குப்பை, வெற்றுக் காணியில் எரிப்பது: உள்ளூராட்சி சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். பிளாஸ்ரிக் உட்பட எந்தக் கழிவையும் திறந்த வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தடை செய்தார்கள். கடிதத்தில் அந்த வருஷத்தைக் குறிப்பிடுங்கள். 'தொல்லையாக இருக்கிறது' என்பதற்கும் 'தடை செய்யப்பட்டது' என்பதற்கும் தபால் மேசையில் பெரிய வித்தியாசம்.

தொழிற்சாலை, ஆலை, சூளை: இதற்கு அடிப்படை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். மாசு வெளியேற்றக்கூடியவை என்று வர்த்தமானியில் குறித்த தொழில் ஒவ்வொன்றுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை கொடுக்கும். மாசு குறைந்த வகைச் சிறு தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையே கொடுக்கும். செங்கல் சூளை, சின்ன மர ஆலை, மா அரைக்கும் மில், கராஜ் என்று நம் ஒழுங்கைகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. அதாவது, காற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்கிற அதே கட்டடத்தின் இன்னொரு அறையில் அந்த உரிமங்கள் அலுமாரிக்குள் இருக்கும்.

வாகனம்: 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்க முடியாது. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு போகிற பஸ்ஸையோ லொறியையோ கண்டால் இலக்கம், இடம், நேரத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஒரு நாளில் தீராது, ஆனால் அறிவிக்கலாம்.

வைக்கோல்: மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் அறுவடை மெஷின் போன பிறகு வயலில் கிடப்பதைக் கொளுத்துகிறார்கள். பெரும்போகம் மாசி பங்குனியில் முடியும். காற்றில்லாத காலமும் அதுதான். இதற்குப் பொலிசுக்கு எழுதிப் பயனில்லை. போகம் தொடங்க முன் கமக்காரர்கள் கூடும் ஆரம்பக் கூட்டம் இருக்கிறதே, தண்ணீர் திறக்கும் திகதியும் மாடு அப்புறப்படுத்தும் திகதியும் முடிவாகும் இடம், அங்கே எடுக்கும் தீர்மானத்துக்குச் சட்ட வலு உண்டு. வைக்கோலை என்ன செய்வது என்பதை அந்த நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லி கமநல சேவை நிலையத்துக்கு அறுவடைக்கு ஐந்து மாதம் முன்பே எழுத வேண்டும். அறுவடைக்குப் பிறகு எழுதினால் அது ஒப்பாரி.

அடுப்புப் புகைக்கு மேசையே கிடையாது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையில் நின்ற பிறகு அடுப்பை மறந்திருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். புகைபோக்கி வையுங்கள், குழந்தையைக் குசினிக்குள் தூங்க வைக்காதீர்கள். இதற்குமேல் நான் சொன்னால் அது வீடமைப்பைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

கடிதம்

ரீச்சர் எழுதிய முதல் வரைவு: "பெருமதிப்பிற்குரிய ஐயா, எமது பிரதேசத்தில் நிலவும் சூழல் மாசடைவினால் மக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருவதைத் தங்களது மேலான கவனத்திற்கு…" அழகான தமிழ். பலவினம்.

நான் திருத்தியது இப்படி. விடயம் என்ற இடத்தில்: 'ஒழுங்கையின் மேற்கு முனை வெற்றுக் காணியில் கழிவு எரித்தல், சேகரிப்பு நாள் தவறுதல்'. கீழே மூன்று வரி: எந்தத் திகதிகளில் ட்ராக்டர் வரவில்லை, எந்தத் திகதிகளில் எரிந்தது, 2017 தடை. பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த ஒழுங்கைக்கான சேகரிப்பு நாள் எது, அது தவறினால் பதில் நாள் எது? கொப்பியின் இரண்டு பக்கம் போட்டோப் பிரதி இணைப்பு.

ஒரு கடிதத்தில் ஒரு புகையை மட்டும் எழுதுங்கள். ரயரையும் மர ஆலையையும் பஸ்ஸையும் சேர்த்தால் மூன்று கிளைக்குப் போக வேண்டிய கடிதமாகிவிடும். மூன்று கிளைக்குப் போகிற கடிதம் ஒரு கிளைக்கும் போகாது. அடியில் 'பிரதி' என்று எழுதி, சுகாதார வைத்திய அதிகாரிக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் உண்மையாகவே அனுப்புங்கள். பிரதி போன கடிதத்தைப் பலவினத்துக்குள் போட எழுதுவினைஞருக்குக் கை கூசும், நான் சொல்வதை நம்பலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் எந்தக் கடிதத்தையும் முதலில் யார் பக்கம் என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் கடிதத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பம் மூன்றும் கையெழுத்து வைத்தோம். சிங்களத்தில் ஒரு பிரதியை பேக்கரிக்காரரின் மகள் எழுதித் தந்தாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எழவே இல்லை.

பதினெட்டு நாளில் பதில் வந்தது. சேகரிப்பு நாள் குறிக்கப்பட்டது. இப்போதும் சில கிழமை தவறும். ஆனால் தவறினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும்.

மர ஆலையும் உரிமமும்

அடுத்தது மரத்தூள். ஒழுங்கைக்கு அப்பால் ஒரு சின்ன மர வேலைத்தளம், சனிக்கிழமை தோறும் தூளைக் குவித்துக் கொளுத்தும். அது மெதுவாகப் புகையும், ஞாயிறு பகல்வரை.

இங்கேதான் தகவலறியும் உரிமைச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். போட்டோப் பிரதியில் முதல் நான்கு ஏ-4 பக்கம் இலவசம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு.

பலர் பிழை விடுவது கேள்வியில். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பார்கள். சட்டம் தருவது ஆவணம், விளக்கம் அல்ல. 'ஏன்' என்ற கேள்விக்கு ஆவணம் கிடையாது, அதனால் பதிலும் கிடையாது. இப்படிக் கேளுங்கள்: இந்த வட்டாரத்தில் நடைமுறையில் உள்ள சுற்றாடல் பாதுகாப்பு உரிமங்களின் பட்டியல், காலாவதித் திகதியோடு. இன்ன இடத்திலுள்ள தொழிலின் உரிமப் பிரதி, நிபந்தனைகளோடு. கடந்த வருடம் புகை, தூசு பற்றிக் கிடைத்த முறைப்பாடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் எடுத்த நடவடிக்கையின் குறிப்பு.

எங்களுக்கு உரிமத்தின் பிரதி வந்தது. நிபந்தனையில் மரத்தூளை எரிக்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. எடுத்துக்கொண்டு நேரே வேலைத்தளத்துக்குப் போனோம். உரிமையாளர் நல்ல மனிதர். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது, அவர் வாசித்ததே இல்லை. நான் தமிழில் வாசித்துக் காட்ட, "அக்கா, இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். இப்போது அந்தத் தூள் கோழிப்பண்ணைக்குப் போகிறது, மூட்டைக்குக் காசும் வருகிறது.

காற்று ஆட்சி என்று பெரிய பேரில் பேசுகிறார்களே, அதில் எனக்குத் தெரிந்த பெரிய ஓட்டை இதுதான். உரிமம் கொடுக்கிறோம், நிபந்தனையும் எழுதுகிறோம், அதை அந்த ஆளுக்கு விளங்குகிற மொழியில் கொடுப்பதில்லை. சபை உறுப்பினர் யாராவது இதை வாசித்தால், தீர்மானம் ஒன்று கொண்டுவர வேண்டுமென்றால், இதைக் கொண்டுவாருங்கள்.

அளக்கிற கருவி

கனடாவிலிருந்து ஒருவரின் மகன் சின்ன உணரி ஒன்று அனுப்பினான். லேசர் ஒளியில் தூசித் துகளை எண்ணுகிற வகை. முதலில் எங்கள் பின் விறாந்தையில் மாட்டினோம். பகல் பன்னிரண்டுக்கு எண் எகிறியது. எல்லாரும் தொழிற்சாலைகள் இருக்கிற சீனன்குடாப் பக்கம் கையைக் காட்டினோம். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது, அது நான் சூடை மீன் பொரிக்கிற நேரம்.

குசினிக்கும் தெருப் புகைக்கும் எட்டவாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டாமல், நிழலில் மாட்டுங்கள். கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: ஈரம். காற்றில் ஈரம் ஏறும்போது துகள் தண்ணீர் குடித்துப் பருக்கும், கருவி அதைத் தூசி என்று கூட்டிக் காட்டும். மாரி காலத்து விடியற்காலை எண்ணை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல நகரங்களில் அளந்து இணையத்தில் போடுகிறது. உங்கள் கருவியின் ஏற்ற இறக்கம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பேசும்போது எந்த அளவுகோல்? பி.எம். 2.5 என்கிற நுண்துகள்தான் நெஞ்சுக்குள் ஆழமாகப் போவது. இலங்கையில் 2008 இல் திருத்திய நியமப்படி அது 24 மணித்தியாலச் சராசரியில் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேலும், வருடச் சராசரியில் 25 க்கு மேலும் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15 உம் 5 உம். கடிதத்தில் முதல் சோடியை எழுதுங்கள், ஏனென்றால் அதுதான் இங்கே சட்டம். கூட்டத்தில் பேசும்போது இரண்டாவதைச் சொல்லி, இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டும் சராசரிக்கான எண்கள். ஒரு நிமிடம் 120 காட்டியது என்று படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவதால் ஊர் பயப்படும், வேறொன்றும் நடக்காது.

சபையிடம் என்ன கேட்பது

கார்த்திகையில் கேட்க வேண்டும். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் அப்போதுதான் அடுப்பில் இருக்கும். சபைகளில் சுற்றாடல் குழு ஒன்று இருக்கும். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சேர்க்கப்படுவதில்லை. கேளுங்கள்.

நாங்கள் வைத்த கோரிக்கையில் காசு கேட்கிற வரி ஒன்றுதான், சருகு அரைத்து உரமாக்கும் இடத்துக்கு. மற்றவை காகித வேலை. காற்றுக்கென்று தனிக் கோவை. அதற்குப் பொறுப்பாக ஒரு பதவி, ஆளின் பேர் வேண்டாம், ஆள் மாறும். சபை கொடுத்த உரிமங்களின் பட்டியல் அறிவித்தல் பலகையில். கிரவல், மணல் ஏற்றும் டிப்பர்களுக்கு படங்கு கட்டுவது அனுமதியின் நிபந்தனையாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறைப்பாடுகளின் நிலை சபை அமர்வில் வாசிக்கப்படுவது.

தெரு கூட்டும் மெஷின் வாங்கலாமே என்று ஒருவர் எழுந்தார். எனக்கு உடனே தூத்துக்குடி ஞாபகம் வந்தது. எங்களைப்போல் துறைமுகப் பட்டினம். இந்தியா 2019 இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலிலேயே அதுவும் இருந்தது. அந்தத் திட்டம் முழுவதிலும் பெருந்தொகை வீதித் தூசி அடக்கவே போனது, நுண்துகளை உண்டாக்குகிற எரிப்புக்குக் குறைவாகத்தான் போனது என்று அங்கேயே குறை சொன்னார்கள். தூசி கண்ணுக்குத் தெரியும், மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம். உரிமப் பட்டியலுக்கு ரிப்பன் கிடையாது.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. பட்டினத்துக்கு ஒரு சபை, அதைச் சுற்றிப் பட்டணமும் சூழலும் பிரதேச சபை, தாண்டினால் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி. கச்சானுக்கு இந்த எல்லை ஒன்றும் தெரியாது. லொஸ் ஏஞ்சலிஸில் இதே சிக்கலுக்கு 1977 இல் நான்கு மாவட்டங்களைச் சேர்த்துக் காற்றுக்கென்று ஒரே அதிகார சபை அமைத்தார்கள். இங்கே அது கனவு. ஆனால் எல்லாச் சபைகளும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. காற்று என்ற ஒற்றைச் சொல்லை அதன் நிகழ்ச்சி நிரலில் ஏற்ற ஒரு உறுப்பினரைப் பிடித்தால் போதும். எங்களுக்கு அதற்கே ஒன்றரை வருஷம் ஆனது.

காற்று கெட்ட நாளுக்கு ஒரு பக்கம்

2022 டிசம்பர் 8 ஆம் திகதி. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றது. வட இந்தியப் பக்கத்துப் புகைமூட்டம் வாடையோடு சேர்ந்து இலங்கைக்கு வந்தது. வடக்கு கிழக்கில் குளிரில் மாடுகள் செத்து விழுந்த அதே நாட்கள். உவர்மலையில் நின்று பார்த்தேன், குடாவின் அக்கரை சாம்பல் பூசினமாதிரி இருந்தது. மறுநாள் 9 ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்த முடிவு கொழும்பில் எடுத்தது. ஊரில் என்ன செய்வது என்று யாரிடமும் ஒரு தாள்கூட இல்லை. அன்று மாலை எங்கள் ஒழுங்கையில் ஒருவர், மழை வருமுன் முடித்துவிடலாம் என்று, வேப்பஞ்சருகைக் கொளுத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யார் சொன்னார்கள் அவருக்கு?

டில்லியில் 2017 முதல் படிப்படியான செயல்திட்டம் ஒன்று இருக்கிறது. அளவு இந்தப் படியைத் தாண்டினால் கட்டட வேலை நிறுத்தம், அந்தப் படியைத் தாண்டினால் லொறி தடை என்று முன்கூட்டியே எழுதி வைத்தது. டில்லியின் காற்று அதனால் சுத்தமாகிவிடவில்லை. ஆனால் முன்கூட்டியே எழுதி வைப்பது என்ற அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு ஒரே பக்கம் போதும்: எந்த எண் வந்தால், யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் ஒலிபெருக்கியில் எந்த வாசகத்தைச் சொல்வது, பாடசாலையில் மைதான விளையாட்டை யார் நிறுத்துவது, சபை எரிப்பைத் தடுக்க யாரை அனுப்புவது. சுனாமிக்குப் பிறகு நாம் இப்படி ஒன்றைப் பழகிக்கொண்டவர்கள்தான்.

பெரிய புகைபோக்கிகள் வருமுன்

ஒழுங்கைப் புகைக்குக் கொப்பி போதும். பெரியவற்றுக்கு வருமுன்தான் கதவு திறந்திருக்கும். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2016 செப்டெம்பரில் அதைக் கட்டப்போவதில்லை என்று அரசு மன்றுக்கு அறிவித்தது. கட்டி முடித்த பிறகு என்றால் நாம் இன்று சாம்பலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துக்கு 30 வேலை நாட்கள். அறிவித்தல் பத்திரிகையில் சின்னப் பெட்டியாக வரும். வீட்டில் ஒருவர் அதைப் பார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது ரீச்சரின் கணவர். அறிக்கை தடித்தது, எல்லாம் வாசிக்கத் தேவையில்லை. காற்று பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, காற்றுத் தரவு எந்த நிலையத்திலிருந்து, எந்த மாதங்களுக்கு எடுத்தது என்று பாருங்கள். வாடை மாதங்களில் மட்டும் அளந்துவிட்டு வருடம் முழுவதும் புகை எந்தத் திசைக்குப் போகும் என்று முடிவெடுத்திருந்தால், கச்சான் மாதங்கள் எங்கே என்று ஒரு வரி எழுதினாலே போதும். நகர அபிவிருத்தித் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போதும் இதே கேள்விதான்: கச்சான் காலத்தில் கைத்தொழில் வலயத்தின் புகை போய்ச் சேருகிற பக்கத்தில் இருக்கிற பாடசாலை எது, ஆஸ்பத்திரி எது?

பதில் கடிதங்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அரசாங்கக் கடிதத்தின் மேல் மூலையில் 'எனது இல.' என்று ஓர் இடம் இருக்கும். எல்லாரும் கீழே உள்ளதை வாசிப்பார்கள், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கோவை இலக்கம் அங்கே இருக்கும். எங்கள் முதல் இரண்டு பதிலிலும் பலவினத்தின் இலக்கம், எனக்கு மனப்பாடமான இலக்கம். உங்களுக்கு வருகிற பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு விடயங்களுக்கும் ஒரே இலக்கம் வந்தால், தனிக் கோவை திறக்கும்படி கேட்டு மறுபடி எழுதுங்கள். போன தை மாதம் மரத்தூள் பற்றி வந்த பதிலில் அந்த இலக்கம் மாறியிருந்தது. புது இலக்கம், கடைசியில் 01. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கடித உறையின் முத்திரையைத் தரச் சொன்னாள்.